அணுக் கொள்கையைச் செய்து பார்த்துக் கற்பிக்க: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பள்ளிகளுக்கான முழுமையான வழிகாட்டி

ஒன்பதாம் வகுப்பு 'அணு அமைப்பு' பாடத்தை நடத்தி முடித்தால் பிள்ளைகளுக்குப் பெயரும் ஆண்டும் வந்துவிடும். டால்டன் 1808, தாம்சன் 1897, ரூதர்போர்டு 1911, போர் 1913, சாட்விக் 1932 என்று ஒப்பித்துவிடுவார்கள். "டால்டன் சொன்னது ஏன் போதவில்லை?" என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகும். அணுக் கொள்கை மாறிய ஒவ்வொரு இடத்திலும் ஏதோ ஒரு அளவீடு பழைய படத்துக்குள் அடங்காமல் நின்றது. அந்த அளவீட்டைப் பிள்ளைகள் தங்கள் கையால் எடுத்துவிட்டால் பெயரும் ஆண்டும் தானாக ஒட்டிக்கொள்ளும். அவற்றில் சிலவற்றை ஆறு படிகளாக அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை என எந்த ஊர்ப் பள்ளியிலும் செய்யலாம். கீழே உள்ள வரிசை வரலாற்றின் வரிசைதான். இதை மாற்றாமல் போவது நல்லது.

தொடங்கும் முன்

0.01 கிராம் வரை காட்டும் சிறிய டிஜிட்டல் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். 0.1 கிராம் காட்டும் சமையலறைத் தராசு இரண்டாம் படிக்கு உதவாது. அங்கே நாம் தேடும் எடை மாற்றமே 0.2 கிராம்தான்.

தண்ணீர் அடுத்த முக்கியமான விஷயம். இரண்டு மாவட்டங்களிலும் போர்வெல் தண்ணீரில் கரைந்த உப்புகள் அதிகம். பல ஊர்களில் ஃபுளோரைடு சிக்கலுக்காகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மின்னாற்பகுப்புக்கும் எண்ணெய்ப் படலச் சோதனைக்கும் இந்தத் தண்ணீரைத் தொடவே வேண்டாம். மெக்கானிக் கடைகளில் 'பேட்டரி வாட்டர்' என்று விற்கும் காய்ச்சி வடித்த நீர் 5 லிட்டர் இருந்தால் எல்லாச் சோதனைக்கும் போதும்.

படி 1: எடை எங்கே போகிறது? (லவாய்சியர், 1789)

அணு என்ற எண்ணம் பழையது. வைசேடிக மரபில் கணாதர் பரமாணுவைப் பேசினார். கிரேக்கத்தில் லியூசிப்பஸும் டெமாக்ரிட்டஸும் பேசினார்கள். ஆனால் எடை போட்டுச் சரிபார்க்கும் வழி அவர்கள் யாரிடமும் இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் அறிவிக்கப்பட்டது. உலோகத்தை உருக்கி வேலை செய்யும் திறமைக்கு அணுக் கொள்கை தேவைப்படவில்லை என்பதை வகுப்பில் சொல்லலாம். அணுவை அறிவியலாக்கியது தராசு.

1 லிட்டர் குளிர்பான பாட்டிலில் 30 மி.லி. வெள்ளை வினிகர் ஊற்றுங்கள். 1 கிராம் சமையல் சோடாவை டிஷ்யூ காகிதத்தில் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். பாட்டில், மூடி, பொட்டலம் மூன்றையும் சேர்த்து எடை போடுங்கள். பொட்டலத்தை உள்ளே போட்டதும் மூடியை இறுக்கி, நுரை அடங்கியபின் மறுபடி எடை போடுங்கள். எடை மாறாது. லவாய்சியர் சொன்ன நிறை மாறா விதி இதுதான். மூடியை மெதுவாகத் திறந்து மீண்டும் எடை போட்டால் 0.3 முதல் 0.4 கிராம் குறைந்திருக்கும். அது வெளியேறிய வாயுவின் எடை.

பல கையேடுகள் பாட்டில் வாயில் பலூன் மாட்டச் சொல்கின்றன. அப்படிச் செய்தால் பாடமே தலைகீழாகிவிடும். பலூன் ஊதும்போது அதே அளவு வெளிக்காற்றை விலக்குகிறது. ஒரு லிட்டர் காற்றின் எடை ஏறக்குறைய 1.1 கிராம். அந்த மிதப்பு விசையால் தராசு எடை குறைந்ததாகக் காட்டும். பிள்ளைகள் "நிறை அழிந்துவிட்டது" என்று எழுதுவார்கள். விறைப்பான பாட்டிலில் இந்தச் சிக்கல் வராது. சோடாவை 2 கிராமுக்கு மேல் போட வேண்டாம். கண்ணாடி பாட்டிலில் இதைச் செய்யவே கூடாது.

படி 2: மாறா விகிதம் (புரூஸ்ட், டால்டன்)

1790-களின் இறுதியில் ஜோசப் புரூஸ்ட் தாமிரக் கார்பனேட்டைப் பலவாறு தயாரித்தும் இயற்கையில் எடுத்தும் பகுத்துப் பார்த்தார். தாமிரம், கார்பன், ஆக்சிஜன் எடை விகிதம் எப்போதும் ஒன்றாகவே வந்தது. நமக்கு மெக்னீசியம் எளிது.

ஐந்து குழுக்களுக்கு 0.20, 0.25, 0.30, 0.35, 0.40 கிராம் மெக்னீசிய நாடா கொடுங்கள். நாடாவின் மேலுள்ள மங்கலான ஆக்சைடு படலத்தை உப்புத்தாளால் தேய்த்து எடுத்த பிறகே எடை போட வேண்டும். மூடியுள்ள பீங்கான் க்ரூசிபிளை முதலில் 5 நிமிடம் வெறுமனே சூடாக்கி, ஆறவிட்டு எடை எடுங்கள். பீங்கானில் ஒட்டிய ஈரம் போனால்தான் கணக்கு நிற்கும். நாடாவைத் தளர்வாகச் சுருட்டி உள்ளே வைத்து, மூடி, பர்னரில் கடுமையாகச் சூடாக்குங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை இடுக்கியால் மூடியை நூலளவு தூக்கி உடனே மூடுங்கள். காற்று உள்ளே போக வேண்டும், வெள்ளைப் புகை வெளியே போகக் கூடாது. எரியும் மெக்னீசியத்தை நேராகப் பார்க்கக் கூடாது.

ஒளி அடங்கியதும் ஆறவிட்டு 5 சொட்டு காய்ச்சி வடித்த நீர் விடுங்கள். லேசாக அமோனியா வாசனை வரும். மெக்னீசியம் காற்றிலுள்ள நைட்ரஜனையும் பிடித்து நைட்ரைடு ஆகியிருக்கிறது என்பதற்கு அதுதான் சாட்சி. நைட்ரைடு ஆக்சைடைவிட எடை குறைவு. அதை நீரால் உடைத்து மறுபடி 10 நிமிடம் சூடாக்கினால் அதுவும் ஆக்சைடாகிவிடும். அடுத்தடுத்த இரண்டு எடைகள் ஒன்றாகும்வரை சூடாக்கி ஆறவையுங்கள்.

0.30 கிராம் மெக்னீசியத்துக்கு 0.50 கிராம் அளவுக்கு ஆக்சைடு வர வேண்டும். 0.44 வந்தால் புகை தப்பியிருக்கும், அல்லது நடுவில் எரியாத உலோகம் இருக்கும். 0.50-ஐத் தெளிவாகத் தாண்டினால் சொட்டு நீர் முழுவதும் போகவில்லை. ஐந்து குழுக்களின் புள்ளிகளையும் ஒரே வரைபடத்தாளில் வையுங்கள்: கிடை அச்சில் மெக்னீசியம், நிலை அச்சில் அது பிடித்த ஆக்சிஜன். ஆதி வழியாக ஒரு நேர்கோடு வரும், சாய்வு 0.66-ஐ ஒட்டி இருக்கும். எவ்வளவு உலோகம் போட்டாலும் விகிதம் 3-க்கு 2.

இந்தக் கோட்டைப் பார்த்தபின் டால்டனைப் பேசுங்கள். 1803-ல் குறிப்பேட்டில் எழுதி 1808-ல் அவர் நூலாக்கிய எண்ணம் இதுதான்: ஒவ்வொரு தனிமத்துக்கும் தனி எடையுள்ள துகள் உண்டு, துகள்கள் முழு எண்ணிக்கையில்தான் சேரும். கார்பனின் இரண்டு ஆக்சைடுகளைக் கணக்காகக் கொடுங்கள். ஒன்றில் 3 கிராம் கார்பனுக்கு 4 கிராம் ஆக்சிஜன், மற்றதில் 3 கிராமுக்கு 8. நடுவில் ஐந்தரையோ ஆறேகாலோ வராதது ஏன் என்று பிள்ளைகளே சொல்லட்டும்.

படி 3: நீரின் புதிர் (கே-லூசாக் 1808, அவகாட்ரோ 1811)

டால்டனுக்கு இங்கேதான் வழி அடைத்தது. நீரில் 1 கிராம் ஹைட்ரஜனுக்கு 8 கிராம் ஆக்சிஜன். நீரின் துகளில் ஒன்றுக்கு ஒன்று இருந்தால் ஆக்சிஜன் அணு 8 மடங்கு கனம். இரண்டுக்கு ஒன்று இருந்தால் 16 மடங்கு. எடையை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது. வேறு ஆதாரம் இல்லாதபோது எளிமையானதை எடுப்போம் என்று டால்டன் ஒன்றுக்கு ஒன்று என்றே கொண்டார். பிள்ளைகளை இந்த இடத்தில் கொஞ்ச நேரம் திணற விடுங்கள். தீர்வு பருமனில் இருக்கிறது.

250 மி.லி. காய்ச்சி வடித்த நீரில் 5 கிராம் சலவை சோடாவைக் கரையுங்கள். ஒரே விட்டமுள்ள இரண்டு 15 மி.லி. சோதனைக் குழாய்களில் மி.லி. குறி ஒட்டி, கரைசலை நிரப்பித் தலைகீழாக நிறுத்துங்கள். இரண்டு எவர்சில்வர் கம்பிகளை மின்வாயாக உள்ளே நுழைத்து, இயற்பியல் ஆய்வகத்து பேட்டரி எலிமினேட்டரில் 9 வோல்ட் கொடுங்கள். மின்னோட்டம் 0.2 ஆம்பியர் இருந்தால் 10 மி.லி. ஹைட்ரஜன் சேர 7 நிமிடம் ஆகும். செம்புக் கம்பி இணைப்பு கரைசலில் படக் கூடாது. பட்டால் செம்பு கரைந்து நீலப்பச்சை ஏறும்.

முதல் முயற்சியில் ஆக்சிஜன் எப்போதும் குறைவாக வரும், கொஞ்சம் நீரிலேயே கரைந்துவிடுவதால். அதனால் 10 நிமிடம் சும்மா ஓடவிட்டு, குழாய்களை அதே கரைசலால் மறுபடி நிரப்பிய பிறகு அளவைத் தொடங்குங்கள். போர்வெல் தண்ணீரையோ, இன்னும் மோசமாக, சாப்பாட்டு உப்பையோ போட்டால் நேர்மின்வாயில் ஆக்சிஜனோடு குளோரினும் வரும். குளோரின் நீரில் நன்றாகக் கரையும். விகிதம் 3-க்கு 1, 4-க்கு 1 என்று போய்விடும். எவர்சில்வரும் அரிக்கப்பட்டு நச்சுள்ள குரோமியம் கரைசலில் சேரும். பென்சில் கரியை மின்வாயாக வைத்தால் நேர்மின்வாயில் கரியே கொஞ்சம் ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

சரியாகச் செய்தால் 2-க்கு 1 வரும். ஓசூர் கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 900 மீட்டர் மேலே; அரூர் அதைவிடத் தாழ்ந்த ஊர். அதே அளவு வாயு ஓசூரில் சற்றுக் கூடுதல் இடம் பிடிக்கும். ஆனால் இரண்டு வாயுக்களும் ஒரே அழுத்தத்தில் இருப்பதால் விகிதம் மாறாது. இரண்டு ஊர்ப் பள்ளிகள் அளவைப் பரிமாறிக்கொள்ள இது நல்ல வாய்ப்பு. ஹைட்ரஜன் குழாய் வாயில் தீக்குச்சி காட்டினால் 'பாப்' என்ற ஒலி; ஆக்சிஜனில் கனன்றுகொண்டிருக்கும் ஊதுவத்தி பளிச்சென்று எரியும். இரண்டு வாயுக்களையும் ஒரே குழாயில் கலக்க வேண்டாம்.

வாயுக்கள் எளிய பருமன் விகிதத்தில்தான் சேர்கின்றன என்று கே-லூசாக் கண்டிருந்தார். ஒரே வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் சம பருமன் வாயுக்களில் சம எண்ணிக்கை மூலக்கூறுகள் என்றார் அவகாட்ரோ. இரண்டு பங்கு ஹைட்ரஜனும் ஒரு பங்கு ஆக்சிஜனும் சேர்ந்து இரண்டு பங்கு நீராவி தருகின்றன. ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு இரண்டாகப் பிரிந்தால்தான் இது நடக்கும். அதாவது ஆக்சிஜன் இரண்டு அணுக்களாக வாழ்கிறது. ஒரே வகை அணுக்கள் ஒன்றையொன்று விலக்கும் என்று நம்பிய டால்டன் இதை ஏற்கவில்லை. 1860-ல் கார்ல்ஸ்ரூ மாநாட்டில் கன்னிசாரோ எடுத்துரைக்கும்வரை ஏறக்குறைய 50 ஆண்டுகள் வேதியியலாளர்கள் ஆளுக்கொரு அணு எடையை வைத்துக் கணக்குப் போட்டார்கள். அணு எடைகள் சரியானபின்தான் 1869-ல் மெண்டெலீவின் அட்டவணை சாத்தியமாயிற்று. பாடநூல்கள் இந்த 50 ஆண்டைத் தாண்டிக் குதிப்பது பெரிய இழப்பு.

படி 4: அளவு என்ன?

மூலக்கூறு எவ்வளவு சிறியது என்பதை ஒரு தட்டில் அளந்துவிடலாம். 1890-ல் ராலே பிரபு ஆலிவ் எண்ணெயைக் கொண்டு செய்த வகைச் சோதனை இது. அதே காலத்தில் ஆக்னஸ் போக்கல்ஸ் என்ற ஜெர்மானியப் பெண் கல்லூரிப் படிப்பு இல்லாமலேயே வீட்டுச் சமையலறையில் நீர்ப்பரப்பை அளந்து ராலேக்கு எழுதினார். 1891-ல் அது வெளியானது. பெண் பிள்ளைகள் இதை அறிய வேண்டும்.

1 மி.லி. ஒலியிக் அமிலத்தை எத்தில் ஆல்கஹாலில் 20 மி.லி. ஆக்குங்கள். அதிலிருந்து 1 மி.லி. எடுத்து மறுபடி ஆல்கஹாலில் 50 மி.லி. ஆக்குங்கள். இப்போது ஆயிரத்தில் ஒரு பங்கு. மருந்துக்கடை சர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம். சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். சொட்டுக் குழாயில் 1 மி.லி.க்கு எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். ஆல்கஹால் சொட்டு சிறியது, 50 அளவில் வரும். அகலத் தட்டில் ஒரு விரல் உயரம் காய்ச்சி வடித்த நீர் விட்டு, மேலே முகப்பவுடரை மிக மெல்லியதாகத் தூவுங்கள். நடுவில் ஒரே ஒரு சொட்டு விடுங்கள்.

பவுடர் சடாரென்று விலகி, பிறகு கொஞ்சம் திரும்பி வந்து நிற்கும். முதலில் பரவுவது ஆல்கஹால். அது கரைந்து ஆவியான பிறகு நிற்கும் வட்டத்தைத்தான் அளக்க வேண்டும். விட்டம் 11 செ.மீ. வந்தால் பரப்பு 95 சதுர செ.மீ. சொட்டில் இருந்த அமிலம் 0.00002 கன செ.மீ. வகுத்தால் தடிமன் ஏறக்குறைய 2 நானோமீட்டர். ஒரு மூலக்கூறின் நீளம் அது. வட்டம் மிகச் சிறிதாக வந்தால் தட்டில் சோப்போ விரல் எண்ணெயோ இருக்கிறது, அல்லது பவுடர் அதிகம். ஒவ்வொரு சொட்டுக்கும் நீரை மாற்ற வேண்டும்.

அணு உண்மைப் பொருளா, கணக்குக்கான வசதியா என்ற சண்டையை முடித்தவர்கள் ஐன்ஸ்டீனும் (1905) ழான் பெரினும் (1908). 1827-ல் ராபர்ட் பிரவுன் கண்ட துகள் நடுக்கத்தை அவர்கள் எண்ணாக்கினார்கள். 50 மி.லி. நீரில் ஒரு சொட்டுப் பால் கலந்து 400 மடங்கு நுண்ணோக்கியில் பார்த்தால் கொழுப்புத் துளிகள் நடுங்குவது தெரியும். எல்லாத் துளிகளும் ஒரே பக்கம் ஓடினால் அது கண்ணாடிச் சில்லுக்கு அடியில் நீர் ஓடுவது. ஓரத்தில் வாசலின் தடவி அடைத்துவிடுங்கள்.

படி 5: உள்ளே என்ன இருக்கிறது?

தாம்சனின் கதையில் சொல்ல வேண்டியது வெற்றிடம். காற்று நீக்கிய குழாயில் எதிர்மின்வாயிலிருந்து வரும் எதிர்மின் கதிர்களை மின்புலத்தால் வளைக்க 1883-ல் ஹெர்ட்ஸ் முயன்று தோற்றார். குழாயில் மிஞ்சியிருந்த வாயு அயனியாகி மின்புலத்தை மறைத்துவிட்டது. 1897-ல் தாம்சன் காற்றை இன்னும் நன்றாக வெளியேற்றினார், கதிர் வளைந்தது. எந்த உலோகம் வைத்தாலும், எந்த வாயு போட்டாலும் மின்னூட்டத்துக்கும் நிறைக்கும் உள்ள விகிதம் ஒன்றே. எல்லா அணுவிலும் இருக்கும் பொதுத் துண்டு எலக்ட்ரான். பின்னர் மில்லிகன் எண்ணெய்த் துளியில் அளந்த மின்னூட்டம் இன்றைய மதிப்பைவிடச் சற்றுக் குறைவு, காற்றின் பாகியலுக்கு அவர் எடுத்த மதிப்பு பிழை என்பதால்.

அணு சிதையும் என்பதற்கு ஊரிலேயே சாட்சி உண்டு. கிருஷ்ணகிரி, பர்கூர் பக்கம் அறுக்கும் கிரானைட்டில் இளஞ்சிவப்பாகத் தெரியும் ஃபெல்ஸ்பாரில் பொட்டாசியம் இருக்கிறது. ஒரு கிராம் பொட்டாசியத்தில் நொடிக்கு ஏறத்தாழ 30 அணுக்கள் சிதைந்துகொண்டிருக்கின்றன. நம் உடலிலும் அதே பொட்டாசியம் உண்டு, பயப்பட ஏதுமில்லை.

அடுத்து ரூதர்போர்டு. மெல்லிய தங்கத் தகட்டில் ஆல்ஃபா துகள்களை எய்து, அவை சிதறுவதைக் கொண்டு அணுவின் உள்ளே பார்த்த சோதனை அவருடையது. நமக்குத் தங்கத் தகட்டுக்குப் பதில் கோலிக்குண்டு. 60 செ.மீ. அகலத்தில் இரண்டு மரச்சட்டங்களை வைத்து, நடுவே ஒரே அளவுள்ள 6 கோலிகளைக் களிமண்ணில் பதித்து, மேலே அட்டையால் மறையுங்கள். கோலிகள் ஒன்றன் பாதையில் ஒன்று வராமல், பக்கவாட்டில் விட்டத்தைப் போல் இரண்டு மடங்குக்கு மேல் தள்ளியிருக்க வேண்டும். அதே அளவுக் கோலியை 200 முறை உருட்டி, மோதியவற்றை மட்டும் எண்ணுங்கள். மோதல் எண்ணிக்கையை அகலத்தால் பெருக்கி, மொத்த உருட்டலின் 12 மடங்கால் (6 கோலி × 2) வகுத்தால் கோலியின் விட்டம் வரும். 64 மோதல் என்றால் 64 × 60 ÷ 2400 = 1.6 செ.மீ. அட்டையை எடுத்து அளவுகோலால் சரிபார்க்கலாம்.

விட்டம் கூடுதலாக வந்தால் பையன்கள் நடுவைக் குறிவைத்து உருட்டியிருக்கிறார்கள். உருட்டுபவர் கண்ணை மூட வேண்டும், உருட்டும் இடமும் அகலம் முழுக்க மாற வேண்டும். ஒரு கோலி இரண்டில் மோதினாலும் ஒன்றாகவே எண்ணுங்கள். 30 உருட்டலோடு நிறுத்தினால் கால் பங்கு பிழை இயல்பு. 200-ல் பத்தில் ஒரு பங்காகக் குறையும்.

பிறகு உண்மை எண்ணைச் சொல்லுங்கள். 1909-ல் ரூதர்போர்டின் ஆய்வகத்தில் கெய்கரும் மார்ஸ்டனும் இருட்டறையில் துத்தநாக சல்பைடு திரையில் மின்னும் பொறிகளை ஒவ்வொன்றாக எண்ணினார்கள். பிளாட்டினத்தில் ஏறத்தாழ 8000 ஆல்ஃபா துகளுக்கு ஒன்று திரும்பி வந்தது. அதைக் கணக்கில் அடக்கி உட்கருவை முன்வைக்க ரூதர்போர்டுக்கு 1911 ஆனது. சோதனையும் விளக்கமும் ஒரே நாளில் வந்ததாகப் பிள்ளைகள் எழுதுவதைத் திருத்துங்கள்.

படி 6: ஒளிக் கோடுகள் (போர், 1913)

சுற்றிவரும் எலக்ட்ரான் ஒளியை உமிழ்ந்து ஆற்றலை இழந்து உட்கருவில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. அத்தோடு வெளிவரும் ஒளியும் தனித்தனிக் கோடுகளாக இருந்தது.

பழைய சிடியின் மேல்பக்கத்தைக் கீறி, செலோ டேப் ஒட்டி இழுத்து வெள்ளிப் படலத்தை உரித்தெடுங்கள். வெளி ஓரத்திலிருந்து ஒளி ஊடுருவும் துண்டை வெட்டுங்கள். உள் ஓரத்தில் தடங்களின் வளைவு அதிகம். செருப்புப் பெட்டியின் ஒரு பக்கம் இரண்டு பிளேடுகளால் மெல்லிய பிளவு, எதிர்ப்பக்கம் சிடித் துண்டு. தடங்கள் பிளவுக்கு இணையாக இருக்க வேண்டும். இல்லையென்றால் கோடு சாய்ந்து மங்கும். சிடியின் தட இடைவெளி 1.6 மைக்ரோமீட்டர். பிளவுக்கும் சிடிக்கும் 50 செ.மீ. தூரம் வைத்து (பெட்டி போதாவிட்டால் அட்டையால் நீட்டுங்கள்) பழைய டியூப்லைட்டைப் பார்த்தால், பாதரசத்தின் பச்சைக் கோடு பிளவிலிருந்து 18 செ.மீ. தள்ளியும் நீலக் கோடு 14 செ.மீ. தள்ளியும் தெரியும். இவை 546, 436 நானோமீட்டர். எல்இடி பல்பில் இந்தக் கோடுகள் வராது, டியூப்லைட்டுதான் வேண்டும். சூரியனைப் பார்க்கக் கூடாது.

ஹைட்ரஜனின் கோடுகள் 656, 486, 434, 410 நானோமீட்டர். 1885-ல் பாமர் இவற்றுக்கு ஒரு வாய்பாடு கண்டார்; ஏன் என்று தெரியாது. எலக்ட்ரானுக்குக் குறிப்பிட்ட சில ஆற்றல் நிலைகள் மட்டுமே உண்டு என்று கொண்டு, நீல்ஸ் போர் அதே எண்களை வருவித்தார். ஹீலியத்துக்கு அது பொருந்தவில்லை என்பதையும் உடனே சொல்லிவிடுங்கள்.

மீதமுள்ள படிகள்

1913-ல் மோஸ்லி எக்ஸ் கதிர்களால் அணு எண்ணை அளந்தார். 1915-ல் கல்லிப்போலி போரில் 27 வயதில் இறந்தார். 1919-ல் ஆஸ்டன் நிறை நிறமாலைமானியில் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) பிரித்தார். குளோரின் 35, 37 என இரண்டு கலந்ததால் 35.5, நம் கிணற்று நீரிலுள்ள ஃபுளோரினுக்கு நிலையான வடிவம் 19 ஒன்றே. 'ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை' என்ற டால்டனின் கூற்று இங்கே விழுந்தது.

1932-ல் பெரிலியத்திலிருந்து வந்த கதிர் பாரஃபின் மெழுகிலிருந்து புரோட்டான்களைத் தள்ளியது. ஜோலியோ-கியூரி தம்பதியர் அதைக் காமாக் கதிர் என்றார்கள். சாட்விக் மின்னூட்டமில்லாத கனத்த துகள் என்றார். நின்ற கோலியை அதே அளவுக் கோலியால் நேராக அடித்தால் முழு வேகமும் கைமாறும். பெரிய இரும்புக் குண்டை அடித்தால் மாறாது. ஹைட்ரஜன் நிறைந்த மெழுகு ஏன் தேவைப்பட்டது என்பது அதிலேயே விளங்கும்.

எலக்ட்ரானுக்கு அலைப் பண்பு உண்டு என்று 1924-ல் டி பிராய் சொன்னார். டேவிசனின் ஆய்வகத்தில் குழாய்க்குள் காற்று புகுந்து நிக்கல் ஆக்சைடானது. அதைச் சுத்தம் செய்யச் சூடாக்கியதில் நிக்கல் பெரிய படிகங்களாக மாறிவிட்டது. 1927-ல் அவரும் ஜெர்மரும் அந்த நிக்கலில் எலக்ட்ரான்களை மோதவிட்டு 54 வோல்ட்டில் 50 டிகிரியில் கண்ட உச்சம் அந்த அலையின் விளிம்பு விளைவு. அதற்கு முந்தைய ஆண்டே அந்த அலையை விவரிக்கும் ஷ்ரோடிங்கரின் சமன்பாடு வந்திருந்தது.

இதன்பின் கரும்பலகையில் ஹைட்ரஜனை வரையும்போது வட்டப்பாதை போடாதீர்கள். சாக்பீஸால் புள்ளிகள் வையுங்கள்: உட்கருவை ஒட்டி அடர்த்தியாகவும், வெளியே போகப்போக அரிதாகவும். எலக்ட்ரான் உட்கருவிலிருந்து இருக்க மிக அதிக வாய்ப்புள்ள தூரம் 0.053 நானோமீட்டர். போர் கணக்கிட்ட முதல் பாதையின் ஆரமும் அதே எண்தான். அந்த ஆரமுள்ள வட்டத்தை ஒப்பிட மட்டும் புள்ளிகளின் மேலே துண்டுக்கோடாக வரைந்து, இரண்டும் எங்கே ஒன்றுபடுகின்றன, எங்கே பிரிகின்றன என்று பதினோராம் வகுப்புப் பிள்ளைகளிடம் கேளுங்கள்.